மனப்பாடத்திலிருந்து மன்றாட்டிற்கு: அன்றிக் அடிகளார் வாழ்வும் முத்துக்குளித்துறையில் தமிழ்ச் செபமும்

தமிழ் அச்சு வரலாறு பேசப்படும் இடமெல்லாம் அன்றிக் அடிகளாரின் பெயர் பேசப்படுகின்றது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூல் அவர்தம் பெயரை நிலைநிறுத்திவிட்டது. ஆனால் அந்நூல் எதற்காக எழுந்தது என்னும் வினா, அஃது எவ்வாறு அச்சாயிற்று என்னும் வினாவின் நிழலில் மறைந்தே கிடக்கின்றது. எழுத்து வார்ப்பு, தாளின் அளவு, புள்ளியின்மை முதலியன பற்றி விரிவாக ஆராய்ந்தோர், அது மக்களுக்குச் செபிக்கக் கற்றுத்தரும் கையேடு என்பதை ஒரு தொடரில் கூறிக் கடந்தனர். அடிகளாருக்கோ அச்சு ஒரு கருவியே. இறைவனிடம் பேசுவதற்குரிய தமிழைத் தாம் கற்பதும் பிறருக்குக் கற்பிப்பதும் அவர்தம் அரைநூற்றாண்டு உழைப்பின் நடுநாடியாக இருந்தன. அவ்வுழைப்பின் வழியே அவர் வாழ்வை நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

திருமுழுக்குப் பெற்றும் செபம் அறியாதோர்

முத்துக்குளித்துறை எனப்படும் தென்பாண்டிக் கடற்கரையில் வாழ்ந்த பரதவர், 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கிறித்தவராயினர். முத்துச்சலாப உரிமை தொடர்பாகக் கடற்கரை முசுலிம் வணிகருடன் மூண்ட பூசலே இதற்கு உடனடிக் காரணமாகும். போர்த்துக்கீசியரின் கடற்படைப் பாதுகாப்பை நாடிப் பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றனர். பாதுகாப்பும் திருமுழுக்கும் ஒருசேரக் கிடைத்தன. குருக்கள் வந்தனர், நீர் வார்த்தனர், போர்த்துக்கீசியப் பெயர்களைச் சூட்டினர், சென்றனர். குருக்களுக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. எனவே ஒரு முழுச் சமுதாயம் சமயம் மாறியபின்னும், அச்சமயத்தில் இறைவனை எவ்வாறு விளிப்பது என்பதையே அறியாதிருந்தது.

இந்நிலையைப் பரதவரின் அறியாமை என்று கொள்வது பொருந்தாது. செபம் அவர்களுக்குப் புதியதன்று. கடலில் இறங்குவோனுக்கு இறைவேண்டல் பொழுதுபோக்கும் அன்று. முத்துக்குளிப்போரைச் சுறா தீண்டாதவாறு மந்திரம் ஓதிக் கடலைக் கட்டுவோர் இருந்தனர் என்பதையும், எடுக்கும் முத்தில் 20-இல் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாக அளிக்கப்பட்டது என்பதையும் 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். சொல்லுக்கு ஆற்றல் உண்டு, அதைப் பிழையின்றி ஓதினால் பயன் விளையும் என்னும் நம்பிக்கை அக்கரையில் ஆழ வேரூன்றியிருந்தது. கிறித்தவச் செபம் இந்நம்பிக்கையின் மேல்தான் வந்து இறங்கிற்று. பிற்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் தம் செபங்களைப் ‘பரமண்டல மந்திரம்’, ‘விசுவாச மந்திரம்’ என்றே வழங்கியமை இவ்விடத்து எண்ணத்தக்கது. மந்திரத்திற்கும் மன்றாட்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஏட்டில் எளிது. கட்டுமரத்தில் அத்துணை எளிதன்று.

சவேரியார் வகுத்த வழி

1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருடைய தாய்மொழி பாஸ்கு. பாரிசில் இலத்தீன் கற்றவர். தமிழில் ஒரு சொல்லும் அறியார். இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைத் தூத்துக்குடியில் ஒருங்கிருத்தி, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை முதலியவற்றைத் தமிழாக்கச் செய்தார். அத்தமிழைத் தாமும் நெட்டுருச் செய்தார். பின் கையில் மணியேந்தி ஊர்தோறும் நடந்து, சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். சிறுவர் வீட்டில் பெற்றோர்க்கு ஓதினர். நோயுற்றோரின் படுக்கையருகே சென்றும் ஓதினர். விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் சொன்னபின் அதை ஏற்கின்றீர்களா என வினவுவார். மக்கள் மார்பின்மீது கைகளைக் குறுக்காக வைத்து ஏற்பதாக விடையிறுப்பர்.

ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, தாம் இல்லாதபோதும் ஓதுதல் தடைப்படாதவாறு செய்தார். சனிக்கிழமை பெண்டிரும் ஞாயிற்றுக்கிழமை ஆடவரும் கோயிலில் கூட வேண்டும் என முறை வகுத்தார். ஆசிரியர்களின் ஊதியத்திற்காகப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட 4,000 பணத்தைக் கேட்டுப் பெற்றார் என்பது அவர் நிருவாகத் திறனுக்குச் சான்று. ஓர் அரசியின் மிதியடிக்குரிய பணம் மணப்பாட்டுச் சிறுவர் செபம் ஓதப் பயன்பட்டது.

எனினும் இவ்வமைப்பின் அடித்தளத்தில் ஒரு விரிசல் இருந்தது. விசுவாச அறிக்கையின் முதற்சொல்லே தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. நம்புகின்றேன் என வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் நின்றது. ஓராண்டுக்கு மேலாகக் கடற்கரை ஊர்களில் மக்கள் இறைவனை நம்புவதாக அன்றி, இறைவன் தமக்கு வேண்டும் என்றே நாள்தோறும் அறிக்கையிட்டு வந்தனர். 1544-இல் இதனை அறிந்த சவேரியார் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு மடல் வரைந்து, அவ்விடத்தில் ‘விசுவாசம்’ என்னும் சொல்லை அமைக்குமாறு பணித்தார்.

இப்பிழையைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் மொழிநோக்கில் அது வெற்றுப் பிழையன்று. இலத்தீனில் நம்புதல் ஒருவன் செய்யும் செயல். எழுவாயும் வினையும் அங்கே நேராகப் பொருந்துகின்றன. கடற்கரைத் தமிழிலோ மனத்தில் நிகழ்வன பலவும் நான்காம் வேற்றுமையில் வரும் ‘எனக்கு’ என்னும் சொல்லோடு இயைகின்றன: எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும். மொழிபெயர்த்த துபாசி, அகத்து நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல்லைத் தேடித் தமக்கு மிக அண்மையில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார் போலும். மேலும், கடலுக்குச் செல்பவன் இறைவன் முன் முதலில் உரைப்பது நம்பிக்கையையா, தேவையையா என்பதும் எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று. பிழை திருத்தப்பட்டமை சரியே. ஆனால் அது வெளிப்படுத்திய சிக்கல் ஒரு சொல்லை மாற்றுவதால் தீரவில்லை. கற்பிப்பவர் தாம் கற்பிப்பதன் பொருளை அறியாது கற்பித்தார் என்பதே அச்சிக்கல். 1545-இல் சவேரியார் மலாக்கா நோக்கிச் சென்றபோது அது தீராமலே எஞ்சியது.

புறந்தள்ளப்பட்டவர்

அதைத் தீர்க்க வந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழ் மக்கள் நாவில் அவர் அன்றிக் அடிகளார் ஆனார். 1520-இல் போர்த்துக்கல்லின் வில்லா விசோசா என்னும் ஊரில், யூத மரபிலிருந்து கிறித்தவம் தழுவிய குடும்பத்தில் பிறந்தார். 1497-இல் போர்த்துக்கல் மன்னரின் ஆணையால் யூதர் பெருந்திரளாகத் திருமுழுக்கிற்கு உட்படுத்தப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் ‘புதிய கிறித்தவர்’ எனப் பிரித்தறியப்பட்டு, எத்தனைத் தலைமுறை கடப்பினும் ஐயத்திற்குரியோராகவே நோக்கப்பட்டனர். 1536-இல் அந்நாட்டில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டபின் இவ்வையம் உயிருக்கே ஊறு விளைக்கும் அளவினதாயிற்று.

இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த ஹென்றிக்கஸ், யூத மரபினர் என்னும் காரணத்தால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பின்னர்க் கொயிம்பிரா நகரில் 1545-இல் இயேசு சபையில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவர் கோவாவை அடைந்தபோது வயது 26.

இங்கு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. கற்பிக்கப்படுமுன்னரே திருமுழுக்குப் பெற்ற மக்கள்திரளின் வழித்தோன்றல் அவர்; அவர் அனுப்பப்பட்ட இடமும் கற்பிக்கப்படுமுன்னரே திருமுழுக்குப் பெற்ற மக்களின் கரையே. உதட்டில் ஒரு செபமும் உள்ளத்தில் மற்றொன்றும் இருக்கக்கூடும் என்னும் ஐயத்தைத் தம் குடும்பத்தின்மீது பிறர் சுமத்தக் கண்டு வளர்ந்தவர், உதட்டளவில் நிற்கும் செபத்தோடு மனநிறைவு கொள்ளவில்லை. இவ்விரண்டையும் காரணகாரியமாக முடிச்சிடுதல் மிகையாகலாம். ஆயினும் முத்துக்குளித்துறையில் அவர் மேற்கொண்ட முயற்சிகள் அனைத்தும் இவ்வொரு திசையையே நோக்கின என்பதில் ஐயமில்லை.

இலக்கணத்தின் வழியே

1547-இல் அவர் கரைக்கு வந்தபோது துபாசிகளின் துணையோடு பணியாற்றுவதே வழக்கமாயிருந்தது. குரு ஒரு தொடர் உரைப்பார். துபாசி தமிழில் உரைப்பார். அவர் என்ன உரைத்தார் என்பது குருவுக்குத் தெரியாது. ஐரோப்பியர் தமிழைச் செவ்வனே கற்றல் இயலாது என்னும் கருத்தே பரவியிருந்தது. தொடக்கத்தில் ஹென்றிக்கசும் மலைத்தார். பிறகு இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, கேட்ட சொற்களைக் குறிப்பேட்டில் வகைப்படுத்தலானார். பெயர்கள் வேற்றுமை ஏற்குமாறு, வினைகள் காலம் காட்டுமாறு, ஏவலும் எதிர்மறையும் அமையுமாறு எனத் தனித்தனியே குறித்துக்கொண்டார். சில மாதங்களில் துபாசியின்றிப் பேசத் தொடங்கினார். ஒலிப்பு மட்டும் நெடுநாள் அவரை வருத்தியது. தாம் தமிழில் கூறியதை மக்கள் நன்கு விளங்கிக்கொள்ளுமாறு வேறொருவரைக் கொண்டு மீண்டும் தமிழிலேயே சொல்லச் செய்ததும் உண்டு.

இக்குறிப்புகளே ‘ஆர்த்தெ மலபார்’ என வழங்கும் இலக்கணக் கையெழுத்துப் படியாக வளர்ந்தன. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம் இதுவே. லிஸ்பன் நகர் தேசிய நூலகத்தில் காக்கப்பட்டுவரும் இப்படி, நன்னூல் வழிப்பட்டதன்று; 16-ஆம் நூற்றாண்டுக் கடற்கரையில் வழங்கிய பேச்சுத்தமிழைப் பிடித்து வைத்தது. வினையின் வாய்பாடுகளைக் காட்டும் இடங்களில் விசுவசித்தல் முதலிய சமயவினைகளுக்கு அவர் அளித்த கவனத்திற்குக் காரணம் தெளிவு. எவ்விகுதி இட்டால் தன்மை ஒருமை வரும், எதை இட்டால் வேண்டுகோள் பிறக்கும் என்றறியாத ஒருவர் செபத்தை மொழிபெயர்த்தல் இயலாது. கர்த்தர் கற்பித்த செபம் ஏறக்குறைய முழுவதுமே வேண்டுகோள் வினைகளால் ஆனது. இறைவனுக்கு ஏவல் வினையை இடுவதா, வியங்கோள் இடுவதா என்பது அங்கே இலக்கண வினாவும் ஆகும், இறையியல் வினாவும் ஆகும்.

1549-இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகளார் வடுகர் படையால் கொல்லப்பட்டார். கரைப்பணியின் தலைமை ஹென்றிக்கசிடம் வந்தது. அதை அவர் 1576 வரை தாங்கினார். தலைமை ஏற்றதும் அவர் வகுத்த முறைகளுள் ஒன்று தனித்து நோக்கத்தக்கது: குருக்கள் தம்முள் உரையாடும்போதும் தமிழிலேயே உரையாட வேண்டும், போர்த்துக்கீசியம் பேசுவோர் அதற்கு ஒறுத்தல் செய்ய வேண்டும். புன்னைக்காயலின் ஓலைக்குடிலில் நான்கைந்து போர்த்துக்கீசியர் அமர்ந்து, உப்புக்கும் மீனுக்கும்கூடத் தட்டுத்தடுமாறித் தமிழ்ச்சொல் தேடிய காட்சி சற்று நகைப்பிற்குரியதே. ஆயினும் பிறமொழியில் சிந்தித்து மொழிபெயர்ப்பவரால் அம்மொழியில் மனமுருகிச் செபிக்க இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தாம் நன்கு தமிழ் அறிந்தபின், கரையெங்கும் ஓதப்பட்ட செபங்களை மீண்டும் ஆராய்ந்தார். ‘வேணும்’ போன்ற பெரும்பிழை நீங்கியிருந்தும் வேறு பிழைகள் எஞ்சியிருந்தன. அவற்றைத் திருத்தினார். திருத்துதல் ஒரு பங்கு உழைப்பு என்றால், ஏற்கெனவே நெட்டுருப்போட்டதை மக்கள் மறந்து புதியதைக் கற்குமாறு செய்தல் பன்மடங்கு உழைப்பாயிற்று. எழுதப்படிக்க அறியாத முதியோரின் நாவில் ஐந்தாறு ஆண்டுகளாக ஏறியிருந்த ஒலியை இறக்குவது எத்தகையது என்பதைக் கற்பித்தல் தொழிலில் உள்ளோர் அறிவர். சவேரியாரின் பெயரோடு பிணைந்த சொற்களை மாற்றுவதற்கு மனத்துணிவும் தேவைப்பட்டிருக்கும்.

செவிமடுத்தல்

அடிகளாரின் பணியில் மொழியறிவு எவ்விடத்தில் மிகக் கூர்மையாகத் தேவைப்பட்டது என வினவின், பாவசங்கீர்த்தனத்தைச் சுட்டலாம். செபத்தைப் பொதுவில் ஓதலாம். அதற்குத் துபாசி போதும். தன் குற்றத்தைத் தனியே அறிக்கையிடும் ஒருவர் மூன்றாமவரை இடையில் நிறுத்திக்கொண்டு எங்ஙனம் பேசுவார்? ஊர் சிறிது, துபாசியும் அவ்வூரினரே. நெடுங்காலம் இக்கரை மக்கள் இவ்வருளடையாளத்தை அணுகாமைக்கு அச்சம் மட்டுமன்று, இம்மூன்றாமவரும் காரணம். ஹென்றிக்கஸ் நேரடியாகத் தமிழில் கேட்கத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. பெண்டிரும் வரலாயினர்.

இதில் மற்றொரு பயனும் விளைந்தது. ஓதுவிப்பவர் மட்டுமாய் இருந்த குரு கேட்பவரானார். மக்கள் தாமே தம் சொற்களில் இறைவன்முன் பேசும் தமிழை அவர் அங்கேதான் கேட்டார். மனம் நோதல், பொறுத்தல், இரங்குதல், கைவிடுதல் போன்றவற்றுக்குரிய வழக்குகளை எந்த அகரவரிசையும் அந்நாளில் தந்திருக்காது. 1580-இல் அவர் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தனக் கையேடு, கற்பனைகளின் வரிசையில் மனச்சான்றை ஆராயும் வினாக்களைத் தொகுத்துத் தருகின்றது. தனியே அமர்ந்து தன் நாளைத் தானே திரும்பிப் பார்க்கும் செபமுறையைத் தமிழில் முதன்முதலாக அச்சில் அளித்த நூல் இது. 16-ஆம் நூற்றாண்டுக் கடற்கரை வாழ்வின் வட்டி, வணிகம், மணவுறவு முதலியன குறித்துச் சமூக வரலாற்றாளர் இதனை நாடுவர். அதன் நோக்கமோ உள்நோக்கிய விழிப்பே.

அவர் கேட்டது தம் சபையாரிடம் மட்டுமன்று. யோகி ஒருவருடன் நட்புக்கொண்டு இறைவனைப் பற்றி உரையாடினார். நோயுற்றோர்க்கெனப் புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றை மக்களின் பொருளுதவியால் நடத்தினார். 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது சிறைப்பட்டுத் துன்புற்றார். 1560-இல் போர்த்துக்கீசியர் மன்னாரைக் கைப்பற்றியபின் பரதவருள் ஒரு பகுதியினர் அங்குக் குடியேறியபோது அவர்களோடு தொடர்பு கொண்டிருந்தார். இவையெல்லாம் விரிப்பின் பெருகும்.

ஓலையிலிருந்து தாளுக்கு

தமிழ்ச் செபங்கள் அச்சேறியதில் கொல்லம் முதலிடம் அன்று. 1554-இலேயே லிஸ்பனில் ‘கார்த்தில்யா’ என்னும் செபநூல் வெளிவந்தது. அதில் தமிழ் உரோமன் எழுத்துகளால் ஒலிபெயர்க்கப்பட்டிருந்தது. போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பு வரியிடையே அமைந்திருந்தது. விசென்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தொமா த குரூசு என்னும் தமிழர் மூவர் அதனை ஆக்கினர். ஆனால் உரோமன் எழுத்தில் அமைந்த தமிழைப் புன்னைக்காயலில் எவர் படிப்பர்? அது தமிழ் ஓத விழையும் ஐரோப்பியர்க்கே பயன்படும் நூல். தமிழர் தம் எழுத்தில் தாமே படித்துச் செபிக்கும் நூல் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தலைமைப் பொறுப்பிலிருந்து விடுபட்ட இரண்டாம் ஆண்டில், தம் 58-ஆம் வயதில், அடிகளார் அந்நூலை வெளியிட்டார். 1577-இல் ஜோவான் கொன்சால்வசு கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்தார். 1578-இல் ஜோவான் த ஃபாரியா கொல்லத்தில் திருத்தமான வேறொரு தொகுதியை வார்த்தார். இரு தொகுதிகளின் மாதிரியையும் ‘தம்பிரான் வணக்கம்’ தன் இறுதியில் காட்டுகின்றது. 1578 அக்டோபர் 20 என நாளிடப்பட்ட அந்நூல், பக்கத்திற்கு 24 வரியாக 16 பக்கம் உடையது. மடிப்பெட்டிக்குள் அடங்கும் அளவினது. ஆக்கத்தில் ஹென்றிக்கசுடன் மனுவேல் என்னும் தமிழ்க் குருவின் பங்கும் உண்டு. தமிழ் அச்சின் முதல் நூல் ஐரோப்பியர் ஒருவரின் தனிச்சாதனையாகப் பேசப்படும்போது இப்பங்கு பெரும்பாலும் விடுபடுகின்றது.

மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு எழுத்தில் காட்டப்படவில்லை. ஓலைமரபில் வந்த இவ்வெழுத்துமுறை, பொருளை முன்னமே அறிந்தவர்க்கே எளிதாக வாசிப்பைத் தரும். ஆகவே நூல் மனப்பாடத்தை ஒழிக்க வந்ததன்று. ஓதத் தெரிந்ததை உறுதிசெய்துகொள்ளவும், கணக்கப்பிள்ளைகள் ஊருக்கு ஊர் சொல் மாறாமல் ஓதுவிக்கவும் அது துணைநின்றது.

கலைச்சொல் தேர்வில் அடிகளாரின் உள்ளம் புலப்படுகின்றது. கடவுளைக் குறிக்கத் ‘தம்பிரான்’ என்னும் சொல்லைக் கொண்டார். தமக்குத் தலைவன் என்னும் பொருளது. உறவும் அச்சமும் ஒருங்கே தோய்ந்தது. சைவ மடங்களிலும் அடிமை கொண்ட தலைவர்பாலும் முன்பே வழங்கியது. விளித்துப் பேசுவதற்கு ஏற்ற சொல் அது. கொள்கையைக் குறிக்கும் ‘தொக்திரீனா’ என்னும் சொல்லுக்கு அவர் ‘வணக்கம்’ என்று பெயரிட்டமை இன்னும் நுட்பமானது. கற்பிக்கப்படும் கோட்பாடு என்பதை வழிபடும் செயலாக அவர் பெயர்த்துவிட்டார். வேறிடங்களிலோ போர்த்துக்கீசியச் சொற்களை அவ்வாறே நிறுத்தினார்: குருசு, கிராசை, இசுப்பிரீத்து சாந்து. தமிழ்ச்சொல் எதை இட்டாலும் வேற்றுப்பொருள் ஏறிவிடும் என அஞ்சிய இடங்கள் அவை. ‘வேணும்’ தந்த படிப்பினை இவ்வச்சத்தை வளர்த்திருக்கக்கூடும். ஆயினும் விளைவு நன்றெனல் இயலாது. பொருள் அறியாது ஓதும் மந்திரநிலையை நீக்கப் பாடுபட்டவரே, பொருள் அறிய இயலாத ஒலிகளைச் செபத்தின் நடுவிடங்களில் பதித்தார்.

இக்குறையை அவரே உணர்ந்திருந்தமைக்கு அடுத்த நூல் சான்று பகரும். 1579-இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’, மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய போர்த்துக்கீசிய நூலின் வழிவந்தது. ஏறத்தாழ 120 பக்கம் உடையது. ஆசான் வினவ மாணாக்கன் விடையிறுக்கும் முறையில் அமைந்தது. முன்னைய நூல் செபத்தை ஓதத் தந்தது. இந்நூலோ செபத்தின் ஒவ்வொரு மன்றாட்டையும் பிரித்தெடுத்து, அதனால் யாது கேட்கப்படுகின்றது, யாரிடம் கேட்கப்படுகின்றது என விளக்குகின்றது. தந்தை என அழைப்பதன் பொருள் யாது, அன்றாட உணவு என்பது சோறு மட்டுமா, பிறரைப் பொறுக்காதவன் இச்செபத்தை ஓதலாமா எனச் செபமே ஆய்வுப்பொருள் ஆகின்றது. பொருள் அறியாது மந்திரமாக ஓதுவோர் இவ்வாறு பிரித்துப் பொருள் கேட்பதில்லை. இவ்வகையில் 1579-ஆம் ஆண்டின் நூலே கரைமக்களின் செபப்பயிற்சியில் முதன்மையான திருப்பம் எனத் தகும். அச்சு வரலாற்றில் அதற்கு இரண்டாமிடம் வாய்த்தமையால் உரிய கவனம் கிடைக்கவில்லை.

1586-இல் ‘பிளோசு சாங்தோரும்’ என்னும் அடியார் வரலாறு வெளிவந்தது. 669 பக்கம் கொண்ட இவ்வுரைநடைப் பெருநூல், திருநாள்களின் ஒழுங்கில் புனிதர்களின் வாழ்க்கையைக் கூறுகின்றது. செபத்தின் சொல்லும் பொருளும் கற்பிக்கப்பட்டபின், செபித்து வாழ்ந்தோர் கதைகள் தேவைப்பட்டன. சேக்கிழார் மரபில் அடியார் கதை கேட்டுப் பழகிய நாட்டில் இது பொருத்தமான வரிசையே.

இறுதி ஆண்டுகள்

1593-இல் உரோமையில் கூடிய இயேசு சபையின் ஐந்தாம் பொதுப்பேரவை, யூத, முசுலிம் மரபினரைச் சபையில் சேர்த்தலைத் தடைசெய்தது. அப்போது ஹென்றிக்கசுக்கு வயது 73. அவர் கடற்கரைக்கு வந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விதி முன்னரே இருந்திருப்பின் அவருக்குச் சபையில் இடமே இருந்திராது; அச்சேறிய தமிழ்ச் செபநூலின் காலமும் பின்தள்ளியிருக்கும். 1600-இல் புன்னைக்காயலில் அவர் மறைந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

சில ஆண்டுகளில் இராபர்ட் தெ நொபிலி இக்கரைக்கு வந்து சிலகாலம் தங்கித் தமிழ் பயின்று, மதுரை சென்றார். அவர் கைக்கொண்ட செபத்தமிழ் வேறு. தம்பிரான் சருவேசுரன் ஆனார்; கிராசையும் இசுப்பிரீத்து சாந்துவும் மெல்ல வழக்கொழிந்து வடசொற்களுக்கு இடம் கொடுத்தன. அவ்வடசொற்களும் பிற்காலத்தில் தனித்தமிழுக்கு இடம் கொடுத்தன. ‘விசுவசிக்கிறேன்’ என்பது இன்று ‘நம்புகிறேன்’ என ஓதப்படுகின்றது. அடிகளாரின் நூல்களோ கரையில் ஒன்றும் எஞ்சாமல் மறைந்து, அயல்நாட்டு நூலகங்களில் ஒவ்வொரு படியாகக் கண்டெடுக்கப்பட்டன. வத்திக்கான் நூலகத்துப் படியைக் கொண்டு, ச. இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக அடியார் வரலாறு 1967-இல் தூத்துக்குடியில் மீண்டும் வெளிவந்தது. நூலகங்களுக்குப் போகாமல் கரையிலேயே தங்கிவிட்ட சொல்லும் உண்டு. கடலுக்குச் செல்வோர் வழியில் நின்று வணங்கிச் செல்லும் சிலுவை மேடையை அவ்வூர்களில் இன்றும் குருசடி என்றே அழைக்கின்றனர்.